மின் வண்டியும் நம்ம தெரு மின்மாற்றியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார ஸ்கூட்டரோ காரோ வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சார்ஜிங் பாயின்ட்டுக்காக வாதாடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். எந்த வண்டி நல்ல வண்டி என்ற பேச்சு இங்கே கிடையாது. வண்டியைப் பிளக்கில் செருகிய பிறகு கம்பத்திலும் கம்பிக்கு அந்தப் பக்கமும் என்ன ஆகிறது, பேருந்து டிப்போவும் நெடுஞ்சாலையும் அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து.

எல்லாரும் மின் வண்டிக்கு மாறிவிட்டால் தமிழ்நாட்டில் கரன்ட் போதுமா?

யூனிட் கணக்கில் பார்த்தால் தாராளமாகப் போதும். ஒரு மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடும். வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு அது போதும். பத்து லட்சம் ஸ்கூட்டர்கள் தினமும் ஆளுக்கொரு யூனிட் எடுத்தால் 10 லட்சம் யூனிட். 2024 ஏப்ரல் 30 அன்று தமிழ்நாடு ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்தது. அதற்கு முன்னால் இந்த 10 லட்சம் கால் சதவீதம்கூட வராது. கார் கொஞ்சம் அதிகம் சாப்பிடும். யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர்தான். பத்து லட்சம் கார்கள் தினமும் 5 யூனிட் எடுத்தாலும் 50 லட்சம் யூனிட், அதாவது அந்த நாளின் செலவில் ஒரு சதவீதத்தை ஒட்டி.

இப்போது அதே பத்து லட்சம் கார்களும் இரவு எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் 15 ஆம்பியர் பிளக்கில் செருகப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 3.3 கிலோவாட் இழுக்கும் (ஒரு கிலோவாட் பளு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). மொத்தம் 3,300 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இது. யூனிட்டில் ஒரு சதவீதமாக இருந்தது மெகாவாட்டில் பதினாறு சதவீதமாகிவிடுகிறது. காரணம் நேரம்தான். மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எப்போது வேண்டும், எந்த மின்மாற்றியில் வேண்டும் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

சரி, முதலில் எது திணறும்? அனல் மின் நிலையமா, பெரிய டவர் லைனா?

இரண்டும் இல்லை. உங்கள் தெருமுனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே நிற்கும் மின்மாற்றிதான்.

100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம் (மின்மாற்றி எவ்வளவு பளு தாங்கும் என்பதற்கான அளவு கே.வி.ஏ.). அதன் வீட்டுப் பக்கத்தில் மூன்று ஃபேஸ்; ஒரு ஃபேஸுக்கு முழுப் பளுவில் சுமார் 133 ஆம்பியர். கார் வாங்கும்போது கம்பெனிக்காரர் சுவரில் மாட்டித் தருகிற 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரே ஃபேஸில் இருக்கிற நாலு வீட்டில் நாலு கார் வந்தால் அந்த ஃபேஸ் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. ஏ.சி., மோட்டார், கிரைண்டர் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற இரண்டு ஃபேஸ் காலியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. பளு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நியூட்ரலில் கரன்ட் ஓடும், ஒரு வரிசை வீடுகளில் டியூப்லைட் மங்கும், எதிர் வரிசையில் வோல்டேஜ் எகிறும். மும்முனை இணைப்பு இருக்கிற வீடும் இதற்கு விதிவிலக்கல்ல. சார்ஜர் ஒருமுனை சார்ஜராக இருந்தால் அது ஏதோ ஒரு ஃபேஸில்தான் உட்காரும்.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஊர் மின்மாற்றி மே மாத மாலைகளில் சூடாகி, நள்ளிரவுக்கு மேல் ஏ.சி. பளு இறங்கும்போது ஆறிக்கொள்ளும். உள்ளே இருக்கிற எண்ணெயும் காகிதக் காப்பும் நீடித்து உழைப்பது அந்த ஆறும் நேரத்தை நம்பித்தான். இரவு முழுக்க கார்கள் சார்ஜ் ஆகும் தெருவில் அந்த ஓய்வு போய்விடும். அன்றைக்கே வெடித்துவிடாது. ஆனால் இருபத்தைந்து வருஷம் ஓட வேண்டியது அதற்கு முன்பே படுத்துவிடும்.

ஸ்கூட்டர் விஷயத்தில் இவ்வளவு பயம் வேண்டாம். வீட்டு ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள்தான். ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு. தமிழ்நாட்டில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகி வெளியே வருகிற மின் வண்டிகளில் பெரும்பகுதி இரு சக்கர வண்டிகள் என்பது மின் வாரியத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

வீட்டில் சார்ஜ் போட ஈ.பி. ஆபீஸில் சொல்ல வேண்டுமா?

ஸ்கூட்டருக்குத் தேவையில்லை. வீட்டு இணைப்பிலேயே, வீட்டுக் கட்டணத்திலேயே போடலாம். கார் என்றால் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அட்டையிலும் பில்லிலும் இருக்கும். 7 கிலோவாட் சார்ஜர் மாட்டுவதென்றால் பளுவைக் கூட்ட வேண்டும், ஒருமுனை இணைப்பு வைத்திருப்பவர் பெரும்பாலும் மும்முனைக்கு மாற வேண்டும். சொல்லாமல் மாட்டிவிட்டு, ஃபியூஸ் போகும்போது லைன்மேனைக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தத் தெருவில் எத்தனை கார் சார்ஜர் இருக்கிறது என்று பிரிவு அலுவலகத்துக்கே தெரியாமல் போனால், எந்த மின்மாற்றியை 250 கே.வி.ஏ.வாக மாற்ற வேண்டும் என்று அவர்கள் எப்படித் திட்டம் போடுவார்கள்?

உண்மையைச் சொன்னால், தினமும் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 7 கிலோவாட் சார்ஜரே அவசியமில்லை. 3.3 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம் போட்டாலே அந்த ஓட்டத்துக்கு ஈடாகிவிடும்.

பில் எவ்வளவு ஏறும்?

நம்முடைய வீட்டு பில் படிக்கட்டு முறை என்பதால், வண்டிக்கு முன்னால் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பை வைத்துச் சொல்கிறேன். அதன் பிறகு பைசாக் கணக்கில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, படிகள் மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 500ஐத் தாண்டினால் அந்த 2.25 படியே காணாமல் போய், 101வது யூனிட்டிலிருந்தே 4.50 ஆகிவிடும். 500க்கு மேல் 8 ரூபாய், 600க்கு மேல் 9 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஸ்கூட்டர் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 70 யூனிட் எடுக்கும். 350 யூனிட் ஓடும் வீட்டில் அது 420 ஆனால் கூடுதல் செலவு 345 ரூபாய். 470 ஓடும் வீட்டில் 540 ஆனால் 725 ரூபாய். அதே வண்டி, அதே ஓட்டம், இரட்டிப்புக்கு மேல் செலவு. அதில் 225 ரூபாய் 500 என்ற கோட்டைத் தாண்டியதற்காக மட்டும். அந்த விளிம்பில் இருக்கிற வீட்டுக்காரர்கள் பழைய ஃபேனை மாற்றியோ ஃபிரிட்ஜைக் கவனித்தோ 50 யூனிட் மிச்சம் பிடித்தால் நல்ல லாபம்.

காருக்கு: 350 யூனிட் வீட்டில் 300 யூனிட் கூடினால் பில் 900லிருந்து 3,200 ஆகும். அந்த 2,300 ரூபாய்க்கு 1,800 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், அதே தூரத்துக்கு 12,000 ரூபாய்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் சார்ஜ் போட்டால் கட்டணம் குறையுமா?

வீட்டு மீட்டரில் குறையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுக்கிற மீட்டருக்கு மாலை ஏழு மணி யூனிட்டும் அதிகாலை மூன்று மணி யூனிட்டும் ஒன்றுதான். நேரத்துக்கு நேரம் விலை மாற வேண்டுமென்றால் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சென்னையில் தி.நகர் பகுதியில் முன்னோட்டமாக அவற்றை மாட்டினார்கள். மாநிலம் முழுக்க மாட்டுவது டெண்டர், ரத்து, மறு டெண்டர் என்று இழுத்துக்கொண்டு போனது.

மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி இருக்கும் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்றது. வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகுதான் அது பொருந்தும். பொது சார்ஜிங் நிலையங்களுக்கான 2024 வழிகாட்டுதலும் அதே பாதைதான். காலை 9 முதல் மாலை 4 வரை, வாரியத்துக்கு ஆகிற சராசரிச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. மதியம் சார்ஜ் போடுங்கள் என்று விலையாலேயே சொல்கிறார்கள். ஆனால் கார்கள் பெரும்பாலும் வீட்டில்தான் சார்ஜ் ஆகின்றன, வீட்டில் அந்த விலை இல்லை. ஊருக்கு நல்லது என்று நள்ளிரவுக்குத் தள்ளிப்போடுகிறவருக்கு இன்றைக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. இந்தக் கொள்கையில் இருக்கிற பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன்.

ஸ்மார்ட் மீட்டர் வந்து இரவு பத்து மணிக்கு மேல் விலை குறைந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

புதிதாக ஒன்று முளைக்கும். எல்லா வண்டியிலும் எல்லாரும் 10 மணிக்கு டைமர் வைப்பார்கள். 9.59 வரை அமைதியாக இருந்த மின்மாற்றியில் 10 மணிக்கு எல்லா சார்ஜரும் ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும். பிரிட்டன் இதை முன்கூட்டியே யோசித்தது. அங்கே 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், தொடங்கும் நேரத்தைத் தாமாகவே பத்து நிமிடத்துக்குள் ஆளுக்கொரு அளவாகத் தாமதப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று விதி. ஒன்று பத்து மணி இரண்டு நிமிடத்துக்குத் தொடங்கும், பக்கத்து வீட்டில் ஏழு நிமிடத்துக்கு. செலவில்லாத, சின்ன, புத்திசாலித்தனமான விதி. நாமும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எந்த நேரத்தில் சார்ஜ் போடுவது நல்லது?

ஊர் மின் அமைப்புக்கு நல்ல நேரம் இரண்டு. ஒன்று, பகல் 10 முதல் 3, 4 மணி வரை. இரண்டு, காற்றுக் காலத்து இரவுகள்.

கமுதியில் 2016ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கி, தென் மாவட்டங்கள் முழுக்கப் பகலில் சூரிய மின்சாரம் குவிகிறது. நடுப்பகலில் அதை எங்கே செலவழிப்பது என்று தேடும் நிலைமை. மாலை ஆறு மணிக்கு அது பூஜ்ஜியத்துக்கு இறங்கும்போது வீடுகளில் விளக்கு, டி.வி., ஏ.சி. எல்லாம் ஏறும். ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைச் சமாளிக்கத்தான் அனல் மின் நிலையங்களை முடுக்குவதும், வெளியில் அதிக விலைக்கு வாங்குவதும், கடம்பாறை நீர்மின் நிலையத்தில் மேலே ஏற்றி வைத்த தண்ணீரைத் திறந்து 400 மெகாவாட் எடுப்பதும். அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து வந்த கையோடு காரைச் செருகுவது, பந்திக்கு இலை போதாதபோது இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவது மாதிரி.

காற்றுக் காலம் மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை. ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், தென்காசி, பாலக்காட்டுக் கணவாய் வழியே உடுமலைப் பக்கம் எல்லாம் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்த மாதங்களில் நள்ளிரவுக்கு மேல் தேவை குறைந்திருக்கும், காற்று குறைந்திருக்காது. வாங்க ஆளில்லை என்று காற்றாலைகளைக் குறைக்கச் சொல்வதும், அதன் உரிமையாளர்கள் வழக்குப் போடுவதும் பழைய கதை. அந்த நேரத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் சார்ஜ் ஆனால் இரண்டு தரப்புக்கும் லாபம்.

உங்கள் பேட்டரிக்கும் ஒரு சின்ன நன்மை உண்டு. வெயிலில் ஓடி வந்த சூட்டோடு செருகாமல் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுவது அதன் ஆயுளுக்கு நல்லது.

பகலில் வண்டி ஆபீஸில் அல்லவா நிற்கிறது?

அதனால்தான் வேலையிடத்து சார்ஜிங்கை எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலையில் பளபளவென்று வேக சார்ஜர் திறந்தால் பேப்பரில் படம் வரும். ஓ.எம்.ஆர். ஐ.டி. வளாகத்தின் பார்க்கிங்கில் இருநூறு சாதாரண 15 ஆம்பியர் பிளக் வைத்தால் யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை. மின் அமைப்புக்கு உபயோகமானது இரண்டாவதுதான். காலை ஒன்பதுக்கு நிறுத்திய கார் மாலை ஆறு வரை அசையாது. மெதுவாக, வெயில் மின்சாரத்தில் நிரம்பலாம்.

கல்லூரிப் பேருந்துகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாம்பரத்தைத் தாண்டிப் போனால் பொறியியல் கல்லூரி ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பேருந்துகள். காலை எட்டரைக்கு மாணவர்களை இறக்கிவிட்டால் மாலை மூன்றரை, நாலு வரை மைதானத்தில் சும்மா நிற்கின்றன. ஓட்டுநர்கள் மர நிழலில் தூங்குகிறார்கள். மலிவு விலை நேரமான 9 முதல் 4க்கும் இவை நிற்கும் நேரத்துக்கும் அப்படியொரு பொருத்தம். கல்லூரிக் கூரையில் சோலார் போட இடமும் உண்டு. சொந்த உயர் அழுத்த இணைப்பும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தினசரி ஓட்டம் நூறு கிலோமீட்டரைச் சுற்றி, பாதை மாறாது. மின் பேருந்துக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் ஷிஃப்ட் பேருந்துகள் அடுத்தபடி.

மாநகரப் பேருந்து டிப்போக்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின் பேருந்துகள் கிளம்பின. உலக வங்கி உதவியோடு 625 பேருந்துகள் வாங்கும் திட்டத்தின் முதல் தொகுதி அது. அடுத்து பெரும்பாக்கம் டிப்போவிலிருந்து ஏ.சி. மின் பேருந்துகளும் வந்தன. பேருந்தும் சார்ஜரும் ஒப்பந்த நிறுவனத்துடையவை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது.

டீசல் காலத்தில் டிப்போவுக்கு மின்சாரம் என்றால் விளக்கு, தண்ணீர் மோட்டார், ஒர்க்‌ஷாப். இப்போது கணக்கு வேறு. நகரப் பேருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும், ஏ.சி. போட்டால் இன்னும் ஏறும். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் குறைந்தது 200 யூனிட். 120 பேருந்துக்கு 24,000 யூனிட். கடைசி சர்வீஸ் பத்தரைக்கு உள்ளே வந்து, முதல் சர்வீஸ் நாலரைக்கு வெளியே போக வேண்டுமென்றால் நடுவில் ஆறு மணி நேரம். சீராகப் பிரித்துப் போட்டால் 4 மெகாவாட். யாரும் திட்டமிடாமல், வந்த பேருந்தை எல்லாம் வந்த வரிசையில் முழு வேகத்தில் செருகினால் இது இரண்டு மூன்று மடங்காகும். உயர் அழுத்த இணைப்பில் உச்சபட்சம் எவ்வளவு கே.வி.ஏ. தொட்டீர்கள் என்பதற்கே தனிக் கட்டணம் உண்டு. ஒரு நாள் இரவு தவறிப்போனாலும் மாத பில்லில் உட்கார்ந்துவிடும். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்து கரன்ட்டைப் பங்கு போடுகிற மென்பொருள் டிப்போவுக்கு அவசியம்.

இடம் இன்னொரு தலைவலி. டீசல் பேருந்து பங்கில் சில நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்து, ஒன்றின் முட்டில் ஒன்றாக நெருக்கி நிற்கும். சார்ஜ் ஆகிற பேருந்தை நகர்த்த முடியாது. பின்னால் மாட்டிய பேருந்து அதிகாலை நாலரைக்குப் போக வேண்டியதாக இருந்தால் என்ன செய்வது? அதனால் டிப்போ தளத்தையே உடைத்து, நிறுத்தும் வரிசையை மாற்றி, கேபிள் பாதை போட வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்குகிற டிப்போக்களில் சார்ஜர் மேடையை உயர்த்துவதும் இதில் சேரும். சென்னையில் டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நெடுஞ்சாலையில் தீபாவளி, பொங்கல் கூட்டத்துக்கு சார்ஜர் போதுமா?

சாதாரண நாளில் போதும், பண்டிகை முந்தின நாளில் திண்டாட்டம். 45 யூனிட் பேட்டரி உள்ள காரை 60 கிலோவாட் சார்ஜரில் 10லிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற முக்கால் மணி நேரம் பக்கம் ஆகும். எண்பதுக்கு மேல் வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கூட்டம் இருக்கும்போது நூறு சதவீதம் வரை நின்று நிரப்புவது பின்னால் நிற்பவரின் நேரத்தைத் தின்பது.

விக்கிரவாண்டி பக்கம் ஒரு மோட்டலில் ஆறு 60 கிலோவாட் சார்ஜர் வைத்தால் 360 கிலோவாட். தனி மின்மாற்றி வேண்டும், துணை மின் நிலையத்திலிருந்து அங்கே வருகிற 11 கே.வி. லைனில், அதாவது ஃபீடரில், இடம் வேண்டும். அதே ஃபீடரில் விவசாய பம்ப்செட்டும் இருக்கலாம். வருஷத்தில் ஒரு சில நாள் கூட்டத்துக்காக எல்லா மாதமும் நிலைக் கட்டணம் கட்ட யாரும் முன்வர மாட்டார்கள். சார்ஜரோடு ஒரு பெரிய பேட்டரியையும் வைத்து, அதைப் பகலில் மெதுவாக நிரப்பி, கூட்டம் வரும்போது வேகமாகக் கொட்டுவது இதற்கு ஒரு வழி. விலை இறங்க இறங்க இது பரவும்.

நிலக்கரி மின்சாரத்தில்தானே ஓடுகிறது, இதில் என்ன சுத்தம்?

நியாயமான கேள்வி. நம் நாட்டு மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. ஸ்கூட்டர் 30 கிலோமீட்டருக்கு அவ்வளவுதான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு ஒன்றரை கிலோ. பாதியாகிறது. மதிய வெயிலில் போட்டால் இன்னும் குறையும்.

வண்டியிலிருந்து கரன்ட்டை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார்களே?

முடியும். டென்மார்க்கில் ஃப்ரெடரிக்ஸ்பெர்க் நகரில் 2016லேயே 10 நிசான் வேன்களை வைத்துச் செய்துகாட்டினார்கள். வேலை முடிந்து நின்ற வேன்கள் மின் கட்டமைப்பின் அதிர்வெண்ணைச் சீராக வைக்க, நொடிக்கு நொடி கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கி, அதற்குக் காசும் வாங்கின.

நமக்கு இது இன்னும் தூரம். இரு திசைச் சார்ஜர் விலை அதிகம், கொடுத்த யூனிட்டுக்கு என்ன விலை என்று கட்டண ஆணையில் இடம் வேண்டும், கூடுதலாக பேட்டரி தேய்வதற்கு வாரன்ட்டி யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும். சார்ஜ் போடுகிற நேரத்தைத் தள்ளிவைப்பதிலேயே இந்தப் பலனில் பெரும்பகுதி செலவில்லாமல் கிடைத்துவிடும். அதைச் செய்யாமல் இதைப் பேசுவது கொஞ்சம் அவசரம்.

புயல் நேரத்தில் காரிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாமா?

பொருளுக்கு எடுக்கலாம், வீட்டு ஒயரிங்குக்குக் கொடுக்கக் கூடாது. சில கார்களில் வெளியே பிளக் வசதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிற கிரெட்டா எலக்ட்ரிக்கிலும் உண்டு. அதிலிருந்து ஃபிரிட்ஜ், ஃபேன், போன் சார்ஜர் என்று நேராக ஒயர் இழுத்து ஓட்டலாம். 40 யூனிட் பேட்டரி என்றால் சிக்கனமான வீட்டுக்குப் பல நாள் தாங்கும்.

ஆனால் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரைச் செய்து சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கொடுப்பது கொலைக்குச் சமம். உங்கள் மீட்டர் வழியாக அது வெளியே போய், மின்மாற்றியில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாக லைனில் நிற்கும். மழையில் கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன், சப்ளை நிறுத்தியாகிவிட்டது என்று நம்பிக் கை வைப்பார். கூரை சோலார் இன்வெர்ட்டர்கள் ஊரில் கரன்ட் போனதும் தாமாக நின்றுவிடுவது இதற்காகத்தான்.

கூரை சோலார் இருந்தால் வண்டி இலவசமாக ஓடுமா?

3 கிலோவாட் கூரை நாளைக்கு ஏறத்தாழ 12 யூனிட் தரும். ஸ்கூட்டருக்கும் காருக்கும் போக மிச்சம் வீட்டுக்கு. பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. வண்டி பகலில் வீட்டில் நின்றால் முழு லாபம். பகலெல்லாம் வெளியே ஓடி இரவில் சார்ஜ் ஆனால், பகலில் நீங்கள் கொடுத்ததை வாரியம் இரவில் எந்தக் கணக்கில் திருப்பித் தருகிறது என்பதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் மறுக்கிறது. என்ன செய்வது?

2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிப்படி, மின் வண்டி சார்ஜ் செய்யத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதனால் பொது மீட்டர் கரன்ட்டை நீங்கள் எடுக்கிறீர்கள் என்ற சண்டைக்கு இடமில்லாமல் போகிறது. சங்கத்தின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முதல் மூன்று பேர் ஆளுக்கொரு கேபிளை அவரவர் இஷ்டப்படி தரைத்தளத்தில் இழுத்துவிட்டால், பத்தாவது ஆள் கேட்கும்போது பேனலில் இடமும் இருக்காது, பளுவும் இருக்காது. ஆகவே வாங்கிய ஒருவருக்காகப் பேசாமல், பார்க்கிங் முழுக்க ஒரே தடவையில் கேபிள் தட்டு போட்டு, எல்லா பிளக்கும் சேர்ந்து இத்தனை கிலோவாட்டுக்கு மேல் போகாதபடி பளுவைப் பங்கிடும் கருவி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். இருபது கார் இருந்தாலும் 20 கிலோவாட்டில் ஒரு இரவில் சமாளிக்கலாம். எல்லாரும் தினமும் காலி பேட்டரியோடு வருவதில்லை.

ஸ்கூட்டர் ஒன்றுக்கு ஒரு பிளக், கார் ஒன்றுக்கு ஒரு பிளக் என்று ஏன் இத்தனை வகை?

கார்களுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வேக சார்ஜிங்குக்கு சி.சி.எஸ்.-2 என்ற பிளக்தான் பெரும்பாலும் எங்கும். இரு சக்கர வண்டிகளுக்கு 2023ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு பொது இணைப்பை ஏற்றது, ஏத்தர் என்ற ஸ்கூட்டர் கம்பெனி வடிவமைத்ததை அடிப்படையாக வைத்து. எல்லாக் கம்பெனியும் அதற்கு மாறவில்லை. அதுவரை வெளியூர் போகும்போது வீட்டு சார்ஜரையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போவதுதான் உத்தமம். டீக்கடையில் 15 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இருபது ரூபாய் கொடுத்தால் சந்தோஷமாக விடுவார்கள். இதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டாம். நாலு மணி நேரம் தொடர்ந்து ஓடும் பளுவுக்கு அந்த மெல்லிய ஒயர் தாங்காது, உருகும்.